வாக்குவோல் சவ்வுக்குப் புரதங்கள் போய்ச் சேரும் வழிகள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தாவர செல்லின் வாக்குவோலுக்கு, அதாவது சவ்வால் சூழப்பட்ட பெரிய நீர்ப்பைக்கு, உள்ளே போகும் கரையும் புரதங்களை ஏற்பிகள் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்று பாடத்தில் படிக்கிறோம். வாக்குவோலைச் சுற்றியிருக்கும் சவ்விலேயே, அதாவது டோனோபிளாஸ்ட்டிலேயே, பதிந்திருக்கும் புரதங்கள் அங்கே எப்படி வந்து சேர்கின்றன? அவற்றுக்கென்று ஒரு பொதுவான குறி உண்டா? ஒரு டோனோபிளாஸ்ட் புரதத்தின் பயணம், செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்தைக் குலைக்கும் பிரெஃபெல்டின் ஏ என்ற மருந்தைக் கொடுத்தும் நிற்கவில்லை என்றால், அது புரதங்களைப் பிரித்தனுப்பும் கோல்கை உறுப்பைத் தொடாமல் போகிறது என்று எழுதிவிடலாமா?

சுருக்கமான பதில்: பொதுவான குறி இல்லை. பாதையும் ஒன்று இல்லை, குறைந்தது மூன்று உண்டு. கடைசிக் கேள்விக்கு, அந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து அப்படி எழுத வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் ஏற்பட்ட குழப்பங்களில் பாதி அந்த ஒரு முடிவிலிருந்து வந்தவை.

முதலில் இந்தப் புரதங்கள் யார் யார் என்று பார்த்துவிடலாம். முதிர்ந்த தாவர செல்லில் வாக்குவோல் மொத்தக் கொள்ளளவில் 80 முதல் 90 சதவீதம் வரை இடம் பிடித்துக்கொள்ளும். அதன் சவ்வில் புரோட்டான்களை உள்ளே தள்ளும் இரண்டு பம்புகள் இருக்கின்றன: ஒன்று ஏடிபியைச் செலவழிக்கும் வி-ஏடிபியேஸ், மற்றது பைரோபாஸ்பேட்டைச் செலவழிக்கும் வி-பிபியேஸ். அவை உண்டாக்கும் புரோட்டான் சரிவைப் பயன்படுத்திச் சர்க்கரை, நைட்ரேட், மாலேட், சோடியம், கால்சியம், இரும்பு எல்லாவற்றையும் ஏற்றி இறக்கும் கடத்திகள் பல. நீர் போக டிஐபி என்று அழைக்கப்படும் அக்குவாபோரின்கள். கடைசியாக, வந்து சேரும் வெசிக்கிள்களை, அதாவது சரக்கு ஏற்றிவரும் சிறு சவ்வுப் பைகளை, அடையாளம் கண்டு இணைத்துக்கொள்ளும் ஸ்நேர் புரதங்கள். நெல்லின் வேரில் கேட்மியத்தை வாக்குவோலுக்குள் பூட்டி வைக்கும் எச்எம்ஏ3 என்ற கடத்தி வேலை செய்யாத ரகங்களில் அந்த நச்சு உலோகம் தானியம் வரை ஏறிவிடுகிறது. இப்படிப்பட்ட கடத்திகள் சரியான சவ்வில் போய் உட்காருவது அந்த அளவுக்கு முக்கியம்.

இப்போது அடிப்படை வேறுபாடு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது புரிந்தால் மற்றவை தானாகத் தெளிவாகும். எண்டோபிளாச வலையில் உருவாகும் கரையும் புரதம் வலையின் உட்குழிவுக்குள் விழுந்துவிடுகிறது. அதை வெசிக்கிளில் ஏற்றும் மேலுறைப் புரதங்களோ சவ்வுக்கு வெளியே, செல்லின் திரவப் பகுதியான சைட்டோசோலில் இருக்கின்றன. நடுவில் ஒரு சவ்வு. ஆகவே உள்ளே இருக்கும் சரக்கை ஒரு கையால் பிடித்து, மறுகையை வெளியே நீட்டும் ஏற்பி கட்டாயம் தேவை. விஎஸ்ஆர் என்ற வாக்குவோல் பிரிப்பு ஏற்பிகள் இதைத்தான் செய்கின்றன. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் ஸ்போரமின் புரதத்தில் உள்ள 'அஸ்பராஜின்–புரோலின்–ஐசோலூசின்–ஆர்ஜினின்' வரிசை அவை பிடித்துக்கொள்ளும் குறிகளில் ஒன்று.

சவ்வுப் புரதத்துக்கு இந்தச் சிக்கலே இல்லை. அதன் முனைகளோ வளையங்களோ ஏற்கெனவே சைட்டோசோலில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சரக்கை மேலுறையோடு இணைக்கும் அடாப்டர் கூட்டமைப்புகள் வெளியே நீட்டிய அந்தப் பகுதியை, அதாவது வாலை, நேரடியாகவே படித்துக்கொள்ளலாம். அதனால் சவ்வுப் புரதங்களுக்கு ஏற்பி எங்கே என்று தேடுவதைவிட, அந்த வாலில் என்ன எழுதியிருக்கிறது, எந்த நிலையத்தில் யார் அதைப் படிக்கிறார்கள் என்று கேட்பதுதான் பயன் தரும்.

வாலில் என்ன இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து மிக அழகான சோதனை 2012-இல் வெளியானது. ஆய்வுகளில் அதிகம் பயன்படும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இனோசிட்டாலைக் கடத்தும் இரண்டு நெருங்கிய உறவுப் புரதங்கள் உண்டு. ஐஎன்டி1 டோனோபிளாஸ்ட்டில் இருக்கும், ஐஎன்டி4 பிளாஸ்மா சவ்வில் இருக்கும். உருவம் கிட்டத்தட்ட ஒன்றுதான், சேரும் இடம் மட்டும் வேறு. இரண்டின் பகுதிகளையும் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்ததில், ஐஎன்டி1-இன் கார்பாக்சில் முனையில் (புரதச் சங்கிலியின் கடைசி முனையில்; தொடக்க முனை அமினோ முனை) உள்ள இரட்டை லூசின் குறிதான் காரணம் என்று தெரிந்தது. அந்தக் குறியை ஐஎன்டி4-இல் ஒட்டினால் அது டோனோபிளாஸ்ட்டுக்குப் போகிறது. பிளாஸ்மா சவ்வில் இருக்க வேண்டிய சுக்ரோஸ் கடத்தி எஸ்யுசி2-இல் ஒட்டினால் அதுவும் போகிறது. ஸ்வீட்1 என்ற சர்க்கரைக் கடத்தியும் அப்படியே. இன்னும் ஒரு படி மேலே, வழி மாற்றப்பட்ட ஐஎன்டி4 அங்கே போய்ச் சும்மா உட்காரவில்லை. ஐஎன்டி1 இல்லாத செடியின் வளர்ச்சிக் குறையை அது ஈடுசெய்தது. புரதம் மடிந்து கெட்டுப்போய் எங்கேயோ ஒதுங்கியது என்ற சந்தேகத்துக்கு இடமில்லை.

அதே ஆய்வில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு விவரமும் உண்டு: அந்தக் குறி, சவ்வைக் கடக்கும் சுருளிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். வெறும் எழுத்து வரிசையை (ஒவ்வொரு எழுத்தும் ஓர் அமினோ அமிலம்) கணினியில் தேடி, "இதோ இரட்டை லூசின் இருக்கிறது, ஆகவே இது டோனோபிளாஸ்ட் புரதம்" என்று சொல்ல முடியாமல் போவது இதனால்தான். லூசின் மிகச் சாதாரணமான அமினோ அமிலம். அடுத்தடுத்து இரண்டு லூசின் வருவது எந்தப் புரதத்திலும் நடக்கும். அமிலத் தன்மையுள்ள எழுத்து ஒன்று சில இடம் முன்னால் இருக்கிறதா, குறி சைட்டோசோல் பக்கம் நீட்டியிருக்கிறதா, சவ்விலிருந்து சரியான தொலைவில் இருக்கிறதா என்று எல்லாம் சேர்ந்து பொருந்தினால்தான் அடாப்டர் பிடிக்கும்.

இதே வகைக் குறிகள் வேறு புரதங்களிலும் கிடைத்திருக்கின்றன. ஒற்றைச் சர்க்கரைகளைக் கடத்தும் இஎஸ்எல்1-இல் அமினோ முனைக்கு அருகே 'லூசின், ஏதேனும் மூன்று எழுத்துகள், பிறகு இரண்டு லூசின்' என்ற வரிசை உள்ளது. இரும்புக் கடத்தி விஐடி1-இலும் இரட்டை லூசின் குறி உண்டு. இரண்டிலும் குறியைக் கெடுத்தால் புரதம் பிளாஸ்மா சவ்வுக்குப் போய்விடுகிறது. அதாவது குறி இல்லாத நிலையில் இந்தக் கடத்திகளின் இயல்பான முடிவிடம் பிளாஸ்மா சவ்வு. ஈஸ்ட்டில் பல சவ்வுப் புரதங்களுக்குக் குறி போய்விட்டால் வாக்குவோலே இயல்பிடம் ஆகிறது. ஈஸ்ட்டில் படித்ததை அப்படியே தாவரத்துக்குக் கொண்டுவந்தால் இந்த இடத்தில் கால் தடுக்கும்.

குறி என்றாலே கடைசி இடத்தைச் சொல்லும் குறி என்றும் நினைத்துவிடக் கூடாது. பொட்டாசியம் வாய்க்கால் டிபிகே1-இன் கார்பாக்சில் முனையில் இரண்டு அமில எழுத்துகள் கொண்ட குறி ஒன்று உண்டு. அதைக் கெடுத்தால் புரதம் பிளாஸ்மா சவ்வுக்கும் போகாது, டோனோபிளாஸ்ட்டுக்கும் போகாது. எண்டோபிளாச வலையிலேயே தங்கிவிடும். அது வலையை விட்டுக் கிளம்புவதற்கான அனுமதி மட்டும்தான். அடுத்த திருப்பத்தில் என்ன செய்வது என்பதை வேறு ஏதோ ஒன்று தீர்மானிக்க வேண்டும். ஒரு புரதம் டோனோபிளாஸ்ட்டில் தெரிகிறது என்றால், வழியில் பல நிலையங்களில் எடுக்கப்பட்ட முடிவுகளின் கூட்டு விளைவை நாம் பார்க்கிறோம் என்று பொருள். என் பார்வையில் இந்தத் தலைப்பு முழுவதற்கும் அடிநாதம் இதுதான்.

சவ்வைக் கடக்கும் சுருளின் நீளமும் ஒரு பங்கு வகிக்கிறது. ஒரே ஒரு முறை சவ்வைக் கடக்கும் புரதங்களை வைத்துப் புகையிலையில் செய்த சோதனையில், 17 அமினோ அமில நீளமுள்ள சுருள் எண்டோபிளாச வலையிலும், 20 உள்ளது கோல்கையிலும், 23 உள்ளது பிளாஸ்மா சவ்விலும் தங்கியது. பலமுறை சவ்வைக் கடக்கும் கடத்திகளுக்கு இந்தக் கணக்கை நீட்டக் கூடாது.

சரி, பாதைகளுக்கு வருவோம்.

முதல் பாதை எல்லோருக்கும் தெரிந்தது: எண்டோபிளாச வலை, கோல்கை, கோல்கையின் வெளியேறும் பக்கத்தில் உள்ள டிரான்ஸ்-கோல்கை வலை, பல்குமிழ் உடல், வாக்குவோல். பல்குமிழ் உடல் என்பது உள்ளே சிறு வெசிக்கிள்களை அடக்கிய எண்டோசோம். தாவரத்தில் வாக்குவோலுக்கு முந்தைய நிலையம் என்று சொல்வது இதைத்தான். இந்தப் பாதையை ரேப்5, ரேப்7 என்ற இரண்டு ஜிடிபியேஸ்கள் (சுவிட்சு போல இயங்கும் புரதங்கள்) அடுத்தடுத்து நடத்துகின்றன. அரபிடாப்சிஸில் ஆரா7, ஆர்எச்ஏ1 என்ற வழக்கமான ரேப்5-கள் இரண்டும், தாவரங்களுக்கே உரிய ஆரா6 என்ற ஒன்றும் உண்டு. விபிஎஸ்9ஏ அவற்றைச் செயல்படுத்துகிறது. பல்குமிழ் உடல் முதிரும்போது மோன்1–சிசிஇசட்1 கூட்டமைப்பு ரேப்7-ஐச் செயல்படுத்துகிறது, ரேப்5 விலகுகிறது. அதற்குப் பிறகுதான் வாக்குவோலுடன் இணைவு.

இரண்டாவது பாதை ஏபி-3 என்ற அடாப்டர் கூட்டமைப்பை நம்பியது. நான்கு துணை அலகுகள் கொண்ட இது கோல்கைப் பகுதியில் புரதத்தைப் பிடித்து, பல்குமிழ் உடலைத் தொடாமல், ரேப்5-உம் ரேப்7-உம் இல்லாமலே டோனோபிளாஸ்ட்டுக்கு அனுப்புகிறது. சுக்ரோஸ் கடத்தி எஸ்யுசி4-உம் ஸ்நேர் புரதமான வேம்ப்713-உம் இதில் போகிறவை. மேலே சொன்ன 2012 ஆய்வில், ஏபி-3-இன் பீட்டா அலகு பழுதான செடிகளில் எஸ்யுசி4 கோல்கையிலேயே சிக்கிக்கொண்டது. ஐஎன்டி1 மட்டும் ஒன்றும் நடக்காதது போல டோனோபிளாஸ்ட்டுக்குப் போய்விட்டது. இரண்டும் பிரெஃபெல்டின் ஏ-க்குக் கட்டுப்படுகின்றன. ஆகவே இரண்டுமே கோல்கை வழிதான், ஆனால் கோல்கைக்கு அப்பால் பிரிகின்றன. ஒரே இலை செல், ஒரே டோனோபிளாஸ்ட், இரண்டும் கடத்திகள், ஆனாலும் வெவ்வேறு பாதை. பாதை பல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றைக் காட்டுவது கடினம்.

ஏபி-3 இல்லாத செடி சாகவில்லை என்பது இன்னும் என்னை யோசிக்க வைக்கிற விஷயம். பார்வைக்கு ஏறக்குறைய இயல்பாகவே வளர்கிறது. ரேப்5 பாதையை முழுதாக நிறுத்தினால் செடி தாங்காது. ஒரு பாதை அடைபட்டால் சில புரதங்களாவது வேறு பாதையில் ஏறிக்கொள்கின்றன என்று எடுத்துக்கொள்வது இயல்பான விளக்கம். ஆனால் எஸ்யுசி4 அப்படி ஏறிக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது பாதைக்கு ரேப்5 வேண்டும், ரேப்7 வேண்டாம். 2014-இல் வந்த அரபிடாப்சிஸ் ஆய்வு ஒன்று, வாக்குவோல் போக்குவரத்தை இப்படி மூன்றாகப் பிரித்துக் காட்டியது. வி-ஏடிபியேஸின் விஎச்ஏ-ஏ3 துணை அலகு இந்த மூன்றாவது வகையில் வருவதாக 2017-இல் வெளியான வேலை சொல்கிறது. இணைவு நடக்கும் இடத்திலும் இந்தப் பிரிவு தொடர்கிறது. 2018-இல் காட்டப்பட்டபடி, இணையப்போகும் சவ்வுகளைப் பிடித்து நெருக்கும் கோர்வெட் என்ற கட்டுக் கூட்டமைப்பு ரேப்5-உடனும் வேம்ப்727-உடனும் சேர்ந்து வேலை செய்கிறது. ஹாப்ஸ் என்ற இன்னொன்று ரேப்7-உடனும் வேம்ப்713-உடனும் சேர்கிறது. விலங்கு செல்லிலோ ஈஸ்ட்டிலோ பார்த்ததைவிட இந்த அமைப்பு நுணுக்கமானது. வேம்ப்727 விதைத் தாவரங்களுக்கே உரியது என்பதும் கவனிக்க வேண்டியது: தாவரங்கள் பழைய இயந்திரத்தைக் கடன் வாங்கி நிறுத்திக்கொள்ளவில்லை, தங்களுக்கென்று புதிய பாகங்களையும் சேர்த்துக்கொண்டன.

இப்போது சர்ச்சைக்குரிய பகுதி. கோல்கையே வேண்டாம், எண்டோபிளாச வலையிலிருந்து நேராக டோனோபிளாஸ்ட் என்று ஒரு பாதை உண்டா?

இந்த எண்ணம் 1993-இல் தீவிரமாக எழுந்தது. மார்ட்டன் கிறிஸ்பீல்ஸின் ஆய்வுக்குழு புகையிலை செல்களில் இரண்டு புரதங்களை ஒப்பிட்டது. ஒன்று வாக்குவோலுக்குள் போகும் பைட்டோஹீமாக்ளுட்டினின், மற்றது டோனோபிளாஸ்ட்டுக்குப் போகும் ஆல்பா-டிஐபி. பிரெஃபெல்டின் ஏ-யும் மோனென்சின் என்ற இன்னொரு மருந்தும் முதல் புரதத்தைத் தடுத்தன, இரண்டாவதைத் தடுக்கவில்லை. கரையும் புரதமும் சவ்வுப் புரதமும் வேறு வேறு முறையில் போகின்றன என்ற முடிவு அங்கிருந்து வந்தது. 1998-இல் வேறொரு குழு, ஆல்பா-டிஐபியின் வாலை ஒட்டிய கலப்புப் புரதம் கோல்கையைத் தவிர்த்துச் செல்வதாகவும், பிபி-80 என்ற ஏற்பியின் சுருளும் வாலும் ஒட்டிய புரதம் கோல்கை வழியாகப் போவதாகவும் காட்டியது. அரபிடாப்சிஸ் நாற்றுகளில் 2012-இல் செய்த வேலையில் டிஐபி குடும்பத்துக்குள்ளேயே பிளவு தெரிந்தது: டிஐபி1;1 பிரெஃபெல்டின் ஏ-க்குக் கட்டுப்பட்டது, டிஐபி3;1-உம் டிஐபி2;1-உம் கட்டுப்படவில்லை.

இவற்றுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2011-இல் புகையிலை இலை மேல்தோல் செல்களில் ஒவ்வொரு படியையும் தனித்தனியாகத் தடுத்துப் பார்த்தார்கள். அங்கே ஆல்பா-டிஐபி கலப்புப் புரதம், கரையும் புரதங்களைப் போலவே ரேப்5-க்கும் ரேப்7-க்கும் கட்டுப்பட்டு நடந்துகொண்டது. வலையிலிருந்து கிளம்ப உதவும் காப்-2 மேலுறையும் அதற்குத் தேவைப்பட்டது. சோதித்த எந்த ரேப் தடைக்கும் கட்டுப்படாமல், காப்-2-உம் இல்லாமல் போய்ச் சேர்ந்தது சிபிஎல்6 என்ற ஒன்றுதான். இது கால்சியத்தை உணரும் புரதம், சவ்வின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது, சவ்வை ஊடுருவியிருக்கும் கடத்தி இல்லை. அதன் நெருங்கிய உறவான சிபிஎல்2, கொழுப்பு அமிலம் ஒட்டுவதன் மூலம் டோனோபிளாஸ்ட்டில் பிடித்துக்கொள்கிறது. இப்படிப்பட்டவற்றை வைத்துச் சவ்வை ஊடுருவிய புரதங்களின் பாதையைப் பேசுவது சரியாகாது.

அப்புறம் 2013-இல், வேர் செல்களில் புதிய வாக்குவோல் எண்டோபிளாச வலையிலிருந்தே பிறக்கிறது, வி-பிபியேஸும் விஎச்ஏ-ஏ3-உம் கோல்கையைத் தொடாமல் அங்கே சேர்கின்றன என்று ஒரு பெரிய வாதம் வந்தது. 2019-இல் முழு செல்லையும் எலக்ட்ரான் டோமோகிராபியில் படமெடுத்த ஆய்வு, வேர் செல்களின் சிறு வாக்குவோல்கள் பல்குமிழ் உடல்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவாகின்றன, வலையோடு தொடர்பு தெரியவில்லை என்றது. இரண்டையும் படித்துவிட்டு நான் எடுக்கும் நிலை இது: சில புரதங்களுக்கு, சில செல்களில், சில வளர்ச்சிக் கட்டங்களில் நேர்வழி இருக்க இடமுண்டு. அதைப் பொது விதியாக எழுதத் தேவையான சான்று இல்லை. டோனோபிளாஸ்ட் புரதங்களில் பெரும்பாலானவை கோல்கை வழிதான் என்று தொடங்கிவிட்டு, விலக்கை ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டும்.

பிரெஃபெல்டின் ஏ விஷயத்துக்கு இப்போது வரலாம். இந்த மருந்து கோல்கையை நேரடியாகத் தாக்குவதில்லை. ஏஆர்எஃப் என்ற சிறு ஜிடிபியேஸைச் செயல்படுத்தும் புரதங்களில் சிலவற்றைத்தான் அது முடக்குகிறது. எந்தெந்தப் புரதத்தை முடக்குகிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். அரபிடாப்சிஸில் கோல்கையிலிருந்து வலைக்குத் திரும்பும் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜிஎன்எல்1 இந்த மருந்துக்கு அடங்காதது. அதே வகையைச் சேர்ந்த ஜிஎன்ஓஎம் (GNOM) என்ற புரதம் அடங்கும். அதன் விளைவாக அரபிடாப்சிஸ் வேரில் மருந்து போட்டால் கோல்கை அடுக்குகள் பெரும்பாலும் நிலைத்து நிற்கின்றன. டிரான்ஸ்-கோல்கை வலையும் எண்டோசோம்களும் திரண்டு பெரிய கட்டிகளாகின்றன. புகையிலையில் அதே மருந்து கோல்கையை எண்டோபிளாச வலைக்குள் கரைத்துவிடுகிறது. ஒரே மருந்து, இரண்டு செடிகளில் இரண்டு வேறு விளைவுகள்.

அப்படியென்றால் அரபிடாப்சிஸ் வேரில் ஒரு புரதம் மருந்துக்கு அசையவில்லை என்பது எதைச் சொல்கிறது? மருந்து பாதித்த படியை அது நம்பியிருக்கவில்லை என்பதை மட்டும்தான். மருந்துக்குப் பிறகும் நிலைத்து நிற்கும் கோல்கை அடுக்குகள் வழியாகவே அது போயிருக்கலாம். அல்லது மருந்து போடும் முன்பே பெரும்பகுதிப் புரதம் டோனோபிளாஸ்ட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். இரண்டாவது சாத்தியத்தை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். டோனோபிளாஸ்ட் புரதங்கள் அங்கேயே நீண்ட நேரம் தங்கக்கூடியவை. நுண்ணோக்கியில் தெரியும் ஒளியில் பெரும்பகுதி பழைய புரதத்தினுடையதாக இருக்க வாய்ப்பு உண்டு. புதிதாக உண்டான புரதத்தை மட்டும் பார்க்கும் வழி இல்லாமல், மருந்தின் விளைவைப் பற்றிப் பேசவே கூடாது.

இன்னொரு திசையிலிருந்து வரும் போக்குவரத்தையும் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. பிளாஸ்மா சவ்விலிருந்து அழிக்கப்படுவதற்காக வாக்குவோலுக்கு வரும் சவ்வுப் புரதங்கள் இருக்கின்றன. போரான் கடத்தி பிஓஆர்1 நல்ல எடுத்துக்காட்டு: வெளியே போரான் மிகுந்தால் அது உள்ளே இழுக்கப்பட்டு அழிக்கப்படுகிறது. ஆக்சின் கடத்தி பின்2, இரும்புக் கடத்தி ஐஆர்டி1 ஆகியவையும் இந்த வழியில் வருகின்றன. யுபிக்விட்டின் என்ற சிறு அடையாளப் புரதம் ஒட்டப்பட்டதும் இவை எண்டோசோமுக்குள் வருகின்றன. தாவரத்தில் டிரான்ஸ்-கோல்கை வலையே ஆரம்ப எண்டோசோமாகவும் வேலை செய்கிறது என்று 2006-இல் காட்டப்பட்டது. ஆக, புதிதாகச் செய்யப்பட்டுப் போகிறவையும் அழியப் போகிறவையும் ஒரே நிலையத்தில் சந்திக்கின்றன. பிறகு இரண்டுமே பல்குமிழ் உடலுக்குப் போகலாம்.

அங்கேதான் அவற்றின் கதி பிரிகிறது. எஸ்கார்ட் என்ற கூட்டமைப்புகள் யுபிக்விட்டின் ஒட்டிய புரதங்களைப் பிடித்து, பல்குமிழ் உடலின் வெளிச்சவ்விலிருந்து உள்நோக்கி மொட்டுவிடும் சிறு வெசிக்கிள்களில் தள்ளுகின்றன. பல்குமிழ் உடல் வாக்குவோலுடன் இணையும்போது உள்வெசிக்கிள்கள் வாக்குவோலுக்குள் கொட்டப்பட்டு நொதிகளால் சிதைகின்றன. வெளிச்சவ்வில் தங்கியவை டோனோபிளாஸ்ட்டின் பகுதியாகிவிடுகின்றன. எஸ்கார்ட்டோடு தொடர்புடைய சிஎச்எம்பி1 புரதங்கள் இரண்டும் இல்லாத செடிகளில், பின்1, பின்2, ஏயுஎக்ஸ்1 ஆகிய ஆக்சின் கடத்திகள் டோனோபிளாஸ்ட்டில் போய்த் தெரிந்தன. அவற்றின் வாலில் டோனோபிளாஸ்ட் குறி எதுவும் முளைக்கவில்லை. உள்ளே தள்ள ஆள் இல்லாததால் வெளிச்சவ்வில் தங்கின, அவ்வளவுதான். பல்குமிழ் உடல் வரை வந்துவிட்ட ஒரு சவ்வுப் புரதத்துக்கு டோனோபிளாஸ்ட் போய்ச் சேரத் தனிக் குறி தேவையில்லை, உள்ளே இழுக்கப்படாமல் இருந்தால் போதும் என்று இதிலிருந்து தெரிகிறது. குறி தேவைப்படும் இடம் அதற்கு முன்னால், டிரான்ஸ்-கோல்கை வலையில் பிளாஸ்மா சவ்வா வாக்குவோலா என்று பிரியும் திருப்பத்தில் இருக்கிறது.

வி-ஏடிபியேஸ் இதே திருப்பத்தை வேறு விதமாகக் கையாள்வது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பம்பு ஒன்றுதான். அதன் 'ஏ' துணை அலகு மட்டும் அரபிடாப்சிஸில் மூன்று வடிவங்களில் உண்டு. ஏ1 இருந்தால் பம்பு டிரான்ஸ்-கோல்கை வலையில் தங்கும். ஏ2-ஓ ஏ3-ஓ இருந்தால் டோனோபிளாஸ்ட்டுக்குப் போகும். ஏ1-இன் அமினோ முனைப் பகுதியில் உள்ள ஒரு துண்டு, எண்டோபிளாச வலையை விட்டு வெளியேறவும் டிரான்ஸ்-கோல்கை வலையில் தங்கவும் உதவுகிறது என்று 2020-இல் காட்டினார்கள். அதாவது இங்கே குறி 'நில்' என்று சொல்கிறது. மற்றக் கடத்திகளில் குறி 'போ' என்று சொல்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே குறியைத் தேடினால் கிடைக்காததற்கு இது நேரடிச் சான்று.

வாக்குவோலே ஒன்றுதானா என்ற கேள்வியும் பக்கத்தில் நிற்கிறது. 1996-இல் பட்டாணி, பார்லி வேர்களில் ஒரே செல்லில் இரண்டு வகை வாக்குவோல்கள், வேறு வேறு டிஐபிகளுடன், இருப்பதாகக் காட்டப்பட்டது: சேமிக்க ஒன்று, சிதைக்க ஒன்று. அரபிடாப்சிஸில் 2007-இல் ஒளிரும் புரதங்களை வைத்துப் பார்த்தபோது செல்லுக்கு ஒரே வாக்குவோல் தொகுதிதான் தெரிந்தது. ஆகவே எந்த டிஐபி தெரிகிறது என்பதை மட்டும் வைத்து வாக்குவோலுக்கு வகை சூட்ட வேண்டாம். எந்தச் செடி, எந்தத் திசு, எந்த வயது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் புரதத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், என் வரிசை இப்படி இருக்கும். முதலில் ஒளிரும் புரதத்தை எந்த முனையில் ஒட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். குறி கார்பாக்சில் முனையில் இருந்து, ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிர் புரதத்தையும் அங்கேயே ஒட்டியிருந்தால், குறியை நீங்களே மறைத்திருக்கலாம். இரண்டு முனையிலும் தனித்தனியாக ஒட்டிச் சோதிப்பது நல்லது. அளவுக்கு மீறி உற்பத்தி செய்யும் முன்னியக்கியை (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதியை) தவிர்த்து, அந்த மரபணுவின் சொந்த முன்னியக்கியை வைத்துக்கொள்ளுங்கள். அடாப்டர்கள் எண்ணிக்கையில் குறைவு, புரதம் வெள்ளமாக வந்தால் மிச்சம் எண்டோபிளாச வலையிலோ பிளாஸ்மா சவ்விலோ வழியும், அதைப் பார்த்து ஒரு புதிய பாதையையே கண்டுபிடித்துவிட்டதாக எண்ணத் தோன்றும்.

ஒளி வாக்குவோலின் விளிம்பில் தெரிகிறதா, உள்ளே நிரம்பித் தெரிகிறதா என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். விளிம்பு என்றால் குடியிருப்பு, நிரம்பல் என்றால் பெரும்பாலும் சிதைவு. இதற்கு நாற்றுகளைச் சில மணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும். வாக்குவோலுக்குள் போன ஜிஎஃப்பி வெளிச்சத்தில் வேகமாகச் சிதைந்துவிடும் என்று 2003-லேயே தெரிந்துவிட்டது. வெளிச்சத்தில் பார்த்துவிட்டு உள்ளே ஒன்றுமில்லை என்று எழுதினால் பொருளில்லை.

அடுத்து மருந்துகளைவிட மரபணுத் தடைகளை நம்புங்கள். ஏபி-3 பழுதான செடி, ரேப்5-இன் முடக்கப்பட்ட வடிவம், மோன்1 பழுதான செடி என்ற மூன்றிலும் உங்கள் புரதம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், மேலே சொன்ன மூன்று பாதைகளில் எது என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். ஒவ்வொன்றிலும் எஸ்யுசி4, ஐஎன்டி1 போன்ற பாதை தெரிந்த புரதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிரெஃபெல்டின் ஏ போட்டே ஆக வேண்டும் என்றால், அந்த மருந்துக்கு அடங்கும்படி மாற்றப்பட்ட ஜிஎன்எல்1 உள்ள அரபிடாப்சிஸ் செடிகளில் போடுங்கள். அங்கே வலைக்கும் கோல்கைக்கும் இடையிலான போக்குவரத்தையே மருந்து குலைக்கும். அப்போதும் புதிதாக உண்டாகும் புரதம் டோனோபிளாஸ்ட்டுக்குப் போனால் பேச்சுக்கு இடமுண்டு.

கோல்கையைத் தொட்டதா என்பதற்கு நேரடிச் சோதனையும் ஒன்று உண்டு. புரதத்தில் உட்குழிவுப் பக்கம் நீட்டியிருக்கும் வளையத்தில், சர்க்கரைச் சங்கிலி ஏறக்கூடிய ஓர் இடத்தை உண்டாக்குங்கள். எண்டோபிளாச வலையில் ஏறும் சங்கிலியை எண்டோ-எச் என்ற நொதி வெட்டிவிடும். கோல்கையில் அந்தச் சங்கிலி மாற்றியமைக்கப்பட்டுவிட்டால் அந்த நொதியால் வெட்ட முடியாது. டோனோபிளாஸ்ட்டிலிருந்து பிரித்தெடுத்த புரதம் எண்டோ-எச்சுக்கு அசையவில்லை என்றால் அது கோல்கை வழியாக வந்தது உறுதி. வெட்டுப்பட்டால் மட்டும் கவனம் தேவை: கோல்கை வழியாக வந்தும், அந்த வளையம் நொதிகளுக்கு எட்டாத இடத்தில் மடிந்திருந்ததால் சங்கிலி மாறாமல் போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள, அதே வளையமுள்ள புரதத்தைப் பிளாஸ்மா சவ்வுக்கு வழி மாற்றி, அங்கே அந்தச் சங்கிலி மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். குறியைக் கெடுத்த வடிவம் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், அதையே இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.